ஆற்று நீரில் கண்ட எழுத்துகள்

ஃபிஜியில் ஆட்சி கவிழ்ந்து, ஊரே விசாவுக்கு அலைந்த நேரம். எங்கள் ஊரிலேயே இருந்த, பினாங்கு என்று பெயர்கொண்ட சர்க்கரை ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஒரு அம்மா எங்கள் அச்சகத்துக்கு வந்தார். தடித்த கண்ணாடி. எந்தத் தாளையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகே பேசுவார். நுண்ணோக்கியில் கண்ட ஆற்றுநீர் உயிர்களின் வடிவில், கோயில் திருவிழா நோட்டீசுக்குத் தமிழ் எழுத்துகள் வரைந்திருந்தார்.

"'ழ' மட்டும் இல்லையேம்மா?" என்றேன்.

"அது மாதிரி ஒண்ணு இன்னும் கண்ணுல படல தம்பி. சும்மா வரைஞ்சா பொய்யாயிடும்."

"அடுத்த வாரம் சிட்னி போறீங்களே?"

"அச்சா, அங்கயும் தண்ணி இருக்கும்ல?"

'திருவிழா'வின் ழகரத்தைச் சாதாரண எழுத்தில் போட்டோம். ஊரில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் நாலைந்து பேர்தான். மற்றவர்கள் அழகுக்காகவே நோட்டீசை வாங்கிப் போனார்கள். அந்தம்மா தேடிய உயிர் அகப்பட்டதா என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.