ஸ்குரூ டிரைவர் இல்லாத மன்றம்

சாவியக்காவுக்கு மனிதர்கள் மேல் பெரிய மரியாதை எதுவும் கிடையாது. இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர் வாசலில் மண்டியிட்டுப் பிழைக்கிற யாருக்கும் அது இருக்க முடியாது. இஸ்திரி கலையாத சட்டையோடு ஊருக்கு உபதேசம் செய்கிறவர், சாவியைத் தொலைத்துவிட்டுத் தன் வீட்டு வாசலில் நிற்கும்போது எப்படி ஆகிவிடுவார் என்பது அவளுக்கு மனப்பாடம். முதலில் மனைவியைத் திட்டுவார். பிறகு பூட்டைத் திட்டுவார். கடைசியில் கதவு திறந்ததும், "இவ்வளவுதானா?" என்று அக்காவை ஏற இறங்கப் பார்ப்பார்.

தொழிலுக்கு வந்த புதிதில் அக்கா அரை நிமிடத்தில் திறந்து கொடுத்து, இந்த "இவ்வளவுதானா"வை நிறைய வாங்கிக் கட்டிக்கொண்டாள். அப்புறம் பாடம் படித்தாள். டார்ச்சை எடுத்து அடிப்பது, கதவில் காதை வைப்பது, "ம்ஹூம், இது லேசுப்பட்டது இல்ல" என்று இரண்டு முறை பெருமூச்சு விடுவது என எட்டு நிமிடம் ஓட்டுவாள். அன்றிலிருந்து ஜனங்கள் கையெடுத்துக் கும்பிட ஆரம்பித்தார்கள். நாலு வீட்டில் ஒரு வீடு பூட்டியே இருக்காது. கைப்பிடியை அழுத்தினால் போதும், திறந்துகொள்ளும். அந்த வீடுகளுக்கும் அதே எட்டு நிமிடம்தான்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவில், மாடிப்படிக்கு அடியில் இருக்கிற பொந்துதான் அவள் கடை. கைகளை விரித்தால் இரண்டு சுவரும் இடிக்கும். அதற்கு முன்னால் ஒரு ஹார்டுவேர் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று ஆணியும் பூட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சாவி வெட்டும் மெஷின்காரர் ஒருநாள் சாப்பிடப் போனவர் திரும்பி வரவே இல்லை. வாடிக்கையாளர் கத்தினார், முதலாளி முழித்தார், அக்கா மெஷினில் போய் நின்றாள். முதல் மூன்று சாவி எந்தக் கதவையும் திறக்கவில்லை. நாலாவது திறந்தது. அவ்வளவுதான் அவளுடைய படிப்பு.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கணவர் பதிவேட்டு அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் கோப்புகளைத் திறந்து மூடியவர். ஓய்வு பெற்ற பிறகு திறக்க எதுவும் இல்லாமல் தவித்தார். அக்காவின் கடைக்கு ஒருநாளும் எட்டிப் பார்த்தவர் இல்லை. ஆனால் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் வளைந்த கம்பியால் பூட்டைத் திறக்கிற வீடியோவைப் போனில் பார்த்துவிட்டு, ஞானம் பெற்றவர் போல எழுந்து வந்தார்.

"ஏம்மா, இதுல எவ்வளவு பெரிய கலை இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. எனக்கு அதுல சோறுதான் இருந்துச்சு."

அதற்குள் அவர் ஒரு மன்றத்தில் சேர்ந்துவிட்டார். பூட்டுத் திறப்போர் மன்றம். மொத்தம் ஆறு பேர். தலைவர் ஒரு பல் டாக்டர். வாரம் முழுக்க அடுத்தவர் வாயைத் திறந்து அலுத்து, ஞாயிற்றுக்கிழமை பூட்டைத் திறக்க வருகிறவர். மன்றத்துக்கு இரண்டே விதிகள். உனக்குச் சொந்தமில்லாத பூட்டைத் தொடாதே. பயன்பாட்டில் இருக்கும் பூட்டைத் தொடாதே. ஆக, அவர்கள் திறக்கிற எந்தப் பூட்டுக்குப் பின்னாலும் கதவு கிடையாது. மேஜையில் இடுக்கியில் மாட்டிய பூட்டைத் திறந்து, ஒருவருக்கொருவர் கை குலுக்கி, பச்சை நாடா, நீல நாடா என்று பட்டம் கொடுத்துக்கொள்வார்கள். கணவர் பச்சை நாடா. வீட்டு அலமாரியில் அவருடைய கம்பிகள் அறுபத்திரண்டு. ஒவ்வொன்றுக்கும் பேர் உண்டு. அவற்றில் ஒன்று, கடல் கடந்து வந்த டைட்டானியம் கம்பி, தனியாக வெல்வெட் பெட்டியில் படுத்திருந்தது.

அக்கா பூட்டில் டிரில் போடுகிறவள் என்பதால் மன்றத்தில் அவளைப் பற்றி அபிப்பிராயம் குறைவு. "நீங்க உடைக்கிறவங்க மேடம். நாங்க திறக்கிறவங்க" என்று டாக்டர் ஒருமுறை முகத்துக்கு நேரே சொன்னார்.

"குழந்தை உள்ள மாட்டிக்கிட்டு வீல்னு அழும்போது, வெளியே நின்னு பூட்டுக்கிட்ட கொஞ்சிக்கிட்டு இருக்க முடியாது சார். நீங்க மட்டும் பல்லைக் கேட்டுட்டா பிடுங்குறீங்க?" என்றாள் அக்கா.

இதோடு போயிருந்தால் இது வீட்டுச் சண்டை. வினை வீடியோவாக வந்தது. கணவர் அக்காவின் கடையிலிருந்து புத்தம்புதுப் பூட்டு ஒன்றை எடுத்து வந்து, போன் முன்னால் பதினாலு நொடியில் திறந்து, "இது எங்க வீட்டம்மா கடையில விக்கிற பூட்டு" என்று பெருமை பொங்கச் சொல்லி, உலகத்துக்கே அனுப்பிவிட்டார். அதே பூட்டைத்தான் அக்கா தொண்ணூற்றாறு வீட்டுக் குடியிருப்பு ஒன்றில், தொண்ணூற்றாறு கதவிலும், தன் வீட்டு வாசலிலும் மாட்டியிருந்தாள். குடியிருப்புச் செயலாளரிடமிருந்து தகவல் வந்தது. ஞாயிறு காலை பதினோரு மணிக்குப் பொதுக்கூட்டம். முதல் பொருள்: பதினாலு நொடிப் பூட்டு. நேரில் வந்து விளக்கம் தராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள்.

தொண்ணூற்றாறு கதவு போனால் அதோடு நிற்காது என்பது அக்காவுக்குத் தெரியும். பூட்டுக்காரி பிழைப்பது கையால் அல்ல, பேரால். 'அவ மாட்டினா நம்பி வெளியூர் போகலாம்' என்று நாலு தெரு சொல்வதால்தான் அந்தப் பொந்தின் ஷட்டர் தினமும் தூக்கப்படுகிறது.

"நான் உன்னைப் பாராட்டித்தானே சொன்னேன்?" என்றார் கணவர்.

"இனிமே திட்டியே சொல்லுங்க. குடும்பத்துக்கு நல்லது."

ஞாயிறு வந்தது. மன்றம் வழக்கமாகக் கூடுவது நூலக மாடி அறையில். அன்று அறையைத் திறக்கிற காவலாளி வரவில்லை. பூட்டு திறக்கிற ஆறு பேர் பூட்டிய கதவுக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றார்கள். பயன்பாட்டில் இருக்கிற பூட்டு, தொடக் கூடாது. எனவே வரிசையாக நடந்து அக்கா வீட்டுக்கு வந்து, கூடத்தில் உட்கார்ந்து, டீ வாங்கிக் குடித்தார்கள்.

உள் அறையில் அக்கா தலை வாரிக்கொண்டிருந்தபோது கூடத்தில் பேச்சு சூடு பிடித்தது. மேஜையில் வைத்துத் திறப்பதும் நிஜக் கதவில் திறப்பதும் ஒன்றா என்று எவரோ கிளப்பிவிட்டார். கணவருக்கு ரோஷம் வந்துவிட்டது. அது தன் வீட்டுப் பூட்டு, எனவே முதல் விதி மீறப்படவில்லை என்று வாதாடினார். இரண்டாவது விதியை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. ஆறு பேரும் வெளியே போனார்கள், கதவைச் சாத்தினார்கள், சாவியால் பூட்டினார்கள். சீப்பைக் கையில் வைத்துக்கொண்டே அக்கா கேட்டாள்: கம்பி உரசுகிற சத்தம், 'க்ளிக்', கைதட்டல். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கைதட்டல் தந்த போதையில் அவர் உருளையை மேலும் திருப்பினார். பொலபொலவென்று ஏதோ உதிர்கிற சத்தம்.

அக்காவுக்குப் பார்க்காமலே புரிந்தது. இந்த ரகப் பூட்டில் மேலே குட்டிக் குட்டி ஊசிகள் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் காத்திருக்கும். உருளையைப் பாதிச் சுற்று திருப்பினால் சாவித்துளையின் அடிப்பக்கம் மேலே வரும். சாவி உள்ளே இருந்தால் அதன் முதுகு ஊசிகளைத் தாங்கிக்கொள்ளும். கம்பிக்கு முதுகு கிடையாது. ஊசிகள் எல்லாம் துளைக்குள் இறங்கிவிட்டால் சாவியும் நுழையாது, உருளை முன்னாலும் போகாது பின்னாலும் வராது. மேஜைப் பூட்டில் அது சிரிப்புக்குரிய விஷயம். கதவில் இருந்தால், உள்ளிருந்து கையால் திருப்புகிற திருகும் அதோடு சேர்ந்து இறுகிவிடும். கூடத்துக்கு வந்து திருகைப் பிடித்துப் பார்த்தாள். மலை மாதிரி இருந்தது. மணி பத்தே கால்.

"என்ன ஆச்சு?" என்றாள், கதவுக்கு இந்தப் பக்கமிருந்து.

"ஒண்ணுமில்ல, ஒரு சின்ன..." என்றார் கணவர்.

"ஊசி விழுந்துடுச்சா?"

அந்தப் பக்கம் டாக்டர் தொண்டையைச் செருமினார். "மேடம், பொறுமையா இருங்க. ஒரு இருபது நிமிஷம். சேதம் இல்லாம சரி பண்ணிடலாம்."

"எனக்குப் பதினோரு மணிக்குச் சேதம் காத்துக்கிட்டு இருக்கு சார். யார் கையிலயாவது ஸ்குரூ டிரைவர் இருந்தா ஜன்னல் வழியா குடுங்க."

ஆறு பேர் சட்டைப்பையையும் தோல்பையையும் தடவுகிற சத்தம் கேட்டது. கொக்கி இருந்தது, ரம்பம் போல ஒன்று இருந்தது, அலைவடிவம் இருந்தது, பூதக்கண்ணாடிகூட இருந்தது. ஸ்குரூ டிரைவர் இல்லை. அக்காவின் கருவிப்பை கடையில்; போய் எடுத்து வர முக்கால் மணி நேரம் ஆகும். வேலையை வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்பது அவள் விதி. அந்த விதியால் கெட்டது அன்று ஒருநாள்தான்.

வெளியே அதற்குள் நாலு கட்சி உருவாகிவிட்டது. ஊசியை மேலே தள்ள வேண்டும் என்றது ஒன்று. தட்ட வேண்டும் என்றது மற்றொன்று. எண்ணெய் விடலாமா என்று ஒருவர் கேட்க, எண்ணெய் என்ற சொல்லுக்கே டாக்டர் கொதித்தார். "முதல்ல நீங்க பயன்பாட்டுல இருக்கிற பூட்டைத் தொட்டிருக்கவே கூடாது" என்று கணவர் மேல் பாய்ந்தார் பத்து நிமிடத்துக்கு முன் கைதட்டியவர்.

"பத்தே முக்காலுக்கு முடிச்சிடுவீங்களா?" என்றாள் அக்கா.

"கலைக்கு மணிக்கணக்கு கிடையாதும்மா" என்றார் கணவர். பாவம், வாய் தவறி வந்துவிட்டது.

அக்கா சீப்பை வைத்துவிட்டு அலமாரிக்குப் போனாள். அறுபத்திரண்டு கம்பியிலும் தட்டையாக, தடிமனாக, நேராக இருந்தது ஒன்றே ஒன்று. வெல்வெட் பெட்டியைத் திறந்தாள். டைட்டானியத்தின் அடிக்காம்பு ஸ்குரூவின் பள்ளத்தில் அச்சாகப் பொருந்தியது. உள்பக்கத் தகட்டில் இரண்டே ஸ்குரூ. முதலாவதைக் கழற்றும்போது காம்பு 'மடக்'கென்று வளைந்தது. இரண்டாவதில் ஒடிந்தது. வெளியே யாரோ "அது என்ன சத்தம்?" என்றார்கள். கணவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு முனகல் கேட்டது.

தகடு கையோடு வந்தது. பிடிப்பு போன உருளை வெளிப்பக்கமாக நழுவி, பல் டாக்டரின் கால் கட்டைவிரலில் தொம்மென்று இறங்கியது. வெறும் ஓட்டையில் ஒடிந்த காம்பை விட்டு, கால் திருப்புத் திருப்பினாள். தாழ் உள்ளே போயிற்று. கதவு திறந்தது. ஐந்து பேர் வாசலில் மண்டியிட்டிருந்தார்கள். ஆறாவது ஆள் ஒற்றைக்காலில் நின்றார்.

"நீங்க பூட்டைத் திறக்கணும்னு உட்கார்ந்திருக்கீங்க" என்றாள் அக்கா. "எனக்குக் கதவு திறந்தா போதும்."

உருளையை, அதில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கம்பிகளோடு சேர்த்து, கைக்குட்டையில் சுற்றிக்கொண்டாள். "நான் வர்ற வரைக்கும் யாரும் நகரக் கூடாது. வீடு திறந்து கிடக்கு." ஆறு பேரும் ஓர் ஓட்டைக்குக் காவல் நின்றார்கள்.

கூட்டத்தில் ஐம்பது தலைகள் இருந்தன. செயலாளர் வீடியோவை ஒருமுறை எல்லாருக்கும் போட்டுக் காட்டினார். அக்கா கைக்குட்டையைப் பிரித்து உருளையை மேஜையில் வைத்தாள். என்ன இது என்றார்கள். இதே பூட்டுதான், இன்று காலை ஆறு பேர் அரை மணி நேரம் மல்லுக்கட்டித் திறக்க முடியாமல் நின்றார்கள் என்றாள். கூட்டத்தில் ஒரு சலசலப்பு ஓடியது.

"அப்போ பதினாலு நொடிங்கிறது பொய்யா?" என்றார் செயலாளர்.

'ஆமாம்' என்று ஒரு சொல் சொன்னால் போதும், தொண்ணூற்றாறு கதவும் அவளுடையது. முகங்களைப் பார்த்தாள். இவர்களிடம் பொய் சொல்கிற அளவுக்குக்கூட அவளுக்கு இவர்கள் மேல் மதிப்பு வரவில்லை.

"நிஜம்தான் சார். திறக்கும். இது இன்னைக்குச் சிக்கிக்கிட்டது பூட்டோட பெருமை இல்ல, எங்க வீட்டுக்காரரோட அவசரம். ஆனா ஒண்ணு. இருபத்திரண்டு வருஷமா திருட்டுப் போன வீட்டுக்கெல்லாம் மறுநாள் பூட்டு மாட்டப் போறவ நான். எவனும் கம்பி போட்டுத் திறந்து நான் பார்த்ததில்லை. அவனுக்கு நாடாவும் வேணாம், கைதட்டலும் வேணாம். ஜன்னலை நெம்புவான், நிலையை உடைப்பான். பாதி இடத்துல அதுகூட இல்ல, சாவி போட்டுத் திறந்து போயிருக்கான்."

"சாவி அவனுக்கு எப்படிக் கிடைக்கும்?"

"செருப்பு அலமாரி, மூணாவது தட்டு. செடித் தொட்டிக்கு அடியில. மாடிப்படி மீட்டர் பெட்டிக்குள்ள. பால் பையில. இந்தக் கட்டடத்துல இருபத்தேழு வீட்டுச் சாவி எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சா, படியேறி வர்ற யாருக்கும் தெரியும். வீட்டு நம்பரோட சொல்லவா?"

யாரும் 'சொல்' என்று சொல்லவில்லை. முன்வரிசையில் ஒருவருக்குத் திடீரென்று போன் வந்தது, எழுந்து போனார். பின்னால் இன்னும் இரண்டு பேர். செயலாளரே வாசலைப் பார்த்தார். அவர் வீட்டுச் சாவி மீட்டர் பெட்டிக்குள்தான். முதல் பொருள் மேற்கொண்டு விவாதிக்கப்படாமல் நிறைவுற்றது என்று எழுதிக்கொண்டு, தண்ணீர்த் தொட்டி கழுவுவதற்குத் தாவினார்கள். நன்றி என்று எவரும் சொல்லவில்லை. அரை நிமிடத்தில் கதவைத் திறந்தால் கிடைக்கிற அதே பார்வைதான் கிடைத்தது. தொண்ணூற்றாறு பூட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன.

அக்கா கடைக்குப் போய்க் கருவிப்பையை எடுத்துக்கொண்டு வீடு திரும்பினாள். டாக்டர் நொண்டியபடி கிளம்ப, மற்றவர்களும் போயிருந்தார்கள். கணவர் மட்டும் ஓட்டைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, ஒடிந்த டைட்டானியத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அவள் ஓட்டையில் மரக்கட்டையை அடித்து அடைத்தாள். கதவின் உள்பக்கம் கனமான இரும்புத் தாழ்ப்பாள் ஒன்றை மாட்டினாள்.

கணவர் வெளியே போய்க் கதவைத் தடவிப் பார்த்தார். "ஏம்மா, இந்தப் பக்கம் துளையே இல்லையே?"

"இல்ல."

"அப்போ வெளியே போறப்ப எப்படிப் பூட்டுறது?"

"நான் போறப்ப நீங்க உள்ள இருந்து போட்டுக்குங்க. நான் வந்து தட்டினா திறங்க. நீங்கதான் திறக்கிறவங்களாச்சே."

"ஞாயித்துக்கிழமையும் நீ கடைக்குப் போயிடுவே. நான் மன்றத்துக்குப் போகணுமே?"

அக்கா தாழ்ப்பாளை ஒருமுறை இழுத்துவிட்டு, மறுபடி தள்ளிப் பார்த்தாள். வெண்ணெய் மாதிரி ஓடியது.

"போறதுன்னா போங்க. வீடு திறந்து கிடக்கும், அவ்வளவுதான்."