மாதுளம்பழ நிறத்தில் எண்பது பெட்டி

எதையாவது வாசிக்கும்போது பிரிஸ்கில்லாவின் வலது கட்டைவிரல் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போகும். மருந்துப் பெட்டி, பெயின்ட் டப்பா, லாரியின் பின்பக்கம், எதுவானாலும் சரி. மகள் மனதுக்குள் ஜெபம் பண்ணுகிறாள் என்று அவள் அம்மா நம்பியிருந்தாள். அவள் எண்ணிக்கொண்டிருந்தது ஆங்கில எழுத்துகளை.

எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் தையல் மிஷினில் வந்து உட்கார்ந்தபோது வயது பத்தொன்பது. யாராவது பேர் கேட்டால்கூடத் தரையைப் பார்த்துத்தான் சொல்லுவாள். "வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கே?" என்று பக்கத்து மிஷின்காரிகள் கேலி செய்வார்கள். சிரித்துவிட்டு நூல் கோப்பாள்.

வெட்டிய தோல் கட்டுக் கட்டாக மிஷினுக்கு வரும். ஒவ்வொரு கட்டோடும் ஓர் அட்டை வரும். கார்டு என்பார்கள். அதில் கட்டின் எண், ஷூவின் ரகத்தைக் குறிக்கும் மூன்று ஆங்கில எழுத்து, நிறத்தின் பெயர். கார்டு எழுதுகிறவள் வெட்டும் பகுதியில் இருந்த ஷஹீன் பானு. பன்னிரண்டாவது படித்தவள். இரண்டு வருடமாகத் தற்காலிக வேலை.

ஒருநாள் கார்டைத் திருப்பிய பிரிஸ்கில்லா, மூலையில் பென்சிலால் பொடியாக 'டிரெயின்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் பார்த்தாள். முன்பக்கத்து மூன்று எழுத்து டி, ஆர், என். மூன்றும் அதே வரிசையில் அந்த வார்த்தைக்குள் இருந்தன. யாரோ பொழுதுபோகாமல் விளையாடுகிறார்கள். பிரிஸ்கில்லா இரண்டு நாள் யோசித்தாள். அதே எழுத்துகள் வந்த இன்னொரு கார்டில், பெயின்ட் கடைத் தகரத்தில் படித்த 'டர்பன்டைன்' என்பதை அதைவிடப் பொடியாக எழுதிவைத்தாள். பேக்கிங் முடிந்ததும் கார்டுகளெல்லாம் கோப்பில் வைக்க ஷஹீன் பானுவிடமே திரும்பிப் போகும்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஷஹீன் பானு தேடிக்கொண்டு வந்தாள். "டர்பன்டைன் நீதானாடி? இன்னா கையெழுத்து இது, எறும்பு நடந்து போன மாதிரி!"

"ஆமாக்கா."

"பத்து எழுத்து. ஜாஸ்திதான். இரு, உன்னைப் பாத்துக்கறேன்."

அப்படித் தொடங்கியது. மூன்று எழுத்தும் வரிசையாக வரும் வார்த்தைகளில் நீளமானதை எழுதுகிறவளுக்கு ஜெயம். ஷஹீன் பானு படித்த வார்த்தையை எழுதுவாள். பிரிஸ்கில்லா பார்த்த வார்த்தையை எழுதுவாள். பாதிக்கு அர்த்தம் தெரியாது. எப்படிச் சொல்வது என்றும் தெரியாது. அதனால்தான் எழுத்தில் விளையாடுவது அவளுக்கு வசதியாக இருந்தது.

தொண்ணூற்றேழில் ஒரு வாரம் எம், ஜி, என் வந்தது. ஷஹீன் பானு 'மேகசின்' எழுதிவிட்டாள். எட்டு எழுத்து. பிரிஸ்கில்லா ஐந்து நாள் தோற்றுக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை அம்மாவை வேலூர் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு லாங் பஜார் வழியாக வரும்போது, ஒரு கடை வாசலில் சர்பத் பாட்டில்கள். மேலே மாதுளம்பழப் படம். கீழே 'பாமகிரானேட்'. கட்டைவிரல் ஓடியது. பதினொன்று!

திங்கட்கிழமை, மேகசின் எழுதியிருந்த அந்தக் கார்டின் மூலையில் அதை எழுத அவளுக்கு மனம் வரவில்லை. கார்டின் பின்பக்க நடுவில், பெரிய எழுத்தில் எழுதினாள்.

வெளிநாட்டு வியாபாரி நிறத்தை மாற்றினால், புதுப்பெயரைக் கார்டின் பின்பக்க நடுவில் பென்சிலால் எழுதி அனுப்புவதுதான் கம்பெனி வழக்கம். அதை எழுதுகிறவளும் ஷஹீன் பானுதான். பிரிஸ்கில்லாவுக்கு இந்த வழக்கம் தெரியாது. பேக்கிங்கில் இருந்த சத்தியநாதன் கார்டைத் திருப்பினார், பார்த்தார், அடர்பழுப்பு ஷூக்கள் அடங்கிய எண்பது பெட்டிகளிலும் 'பாமகிரானேட்' ஸ்டிக்கர் ஒட்டிவிட்டார். லாரியில் ஏற்றும்போதுதான் கண்டுபிடித்தார்கள்.

மேனேஜர் நயீம் அகமதுவின் அறை தையல் மிஷின்களை ஒட்டித்தான் இருந்தது. கதவு திறந்தே கிடந்தது. உள்ளே சத்தியநாதனும் ஷஹீன் பானுவும் நின்றார்கள்.

"படிச்ச மனுசன்தானே நீங்க? ஷூவுல ஏதுய்யா மாதுளம்பழம்?"

"போன மாசம் கத்திரிக்கா பேர்ல கலர் வந்துச்சே சார்," என்றார் சத்தியநாதன். "சரி, இந்த மாசம் பழம் போலருக்குன்னு நெனச்சேன்."

மேனேஜர் ஷஹீன் பானு பக்கம் திரும்பினார். "பின்னாடி எழுதறது நீதானே? நிரந்தரம் பண்ற லிஸ்ட்ல உன் பேரு மேசையில இருக்கு. நான் அடிச்சுடவா?"

தான் எழுதவில்லை என்று ஷஹீன் பானு ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை.

பிரிஸ்கில்லா மிஷினை நிறுத்தினாள். அறை வாசல்வரை பத்துத் தப்படி இருக்கும். விரல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன.

"சார், அது நான் எழுதுனது."

குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. மேனேஜர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "யாரும்மா நீ? எதுக்கு எழுதினே?"

"அக்கா மேகசின் எழுதுச்சு சார். அது எட்டுதான். இது பதினொண்ணு."

சத்தியநாதன் இருமுவதுபோல் வாயை மூடிக்கொண்டார். மேனேஜர் கார்டைத் திருப்பி, மூலையில் இருந்த மேகசினைப் பார்த்தார். பென்சில் முனையால் நடுவில் இருந்ததை எண்ணினார். பதினொன்று சரியாக இருந்தது.

"ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வந்து எண்பது பெட்டி ஸ்டிக்கரையும் கிழிச்சு ஒட்டுங்க. உனக்கு மெமோ உண்டும்மா. போ, மிஷின்ல உக்காரு."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாமல் பிரிஸ்கில்லா வந்தாள். ஸ்டிக்கர் சுரண்டி நகம் வலித்தது. "ஏன்க்கா நீ சொல்லல?" என்று கேட்டாள்.

"சொன்னா உன்னை இன்னான்னு கேப்பாங்க. நீ பேசவா போறே, அழுதுட்டு வேலைய வுட்டுட்டுப் போய்டுவேன்னு நெனச்சேன்," என்றாள் ஷஹீன் பானு. "பேஜார் புடிச்சவளே, பேசிட்டியே!"

அடுத்த மாதம் ஷஹீன் பானு நிரந்தரமானாள். கார்டில் இனி யாரும் எதுவும் கிறுக்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. எழுத வழியில்லாமல் போனதால், கம்பெனி பஸ்ஸில் வாயால் விளையாடத் தொடங்கினார்கள். பிரிஸ்கில்லா தப்புத்தப்பாக உச்சரிப்பாள், பஸ்ஸே சிரிக்கும், அவளும் சிரிப்பாள்.

இது இரண்டாயிரத்தெட்டு. யாரும் கிறுக்காமலிருக்க, கார்டுகள் இன்றும் பின்பக்கம் குறுக்கே கோடு போட்டுத்தான் வருகின்றன. ஷஹீன் பானு கார்டு எழுதுகிறாள். பிரிஸ்கில்லா அதே தையல் மிஷினில் இருக்கிறாள். பஸ்ஸில் இரண்டாம் வரிசை ஜன்னலோரம் அவர்கள் இடம். பதினொன்றை இதுவரை ஷஹீன் பானு தாண்டவில்லை.