கயிறு பிடித்த மீசைக்காரன்

அந்தப் புத்தகத்தைப் பார்த்ததுமே எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. பிள்ளைக்குப் படப் புத்தகம் கொண்டுவருகிற ஆளா என் வீட்டுக்காரர்? அவர் சங்கு குளிப்பவர், கடலில் முங்கிச் சங்கு எடுக்கிறவர். கடல் கலங்கிக் கிடக்கிற மாதங்களில் குளிப்பு இருக்காது. தூத்துக்குடியிலிருந்து சரக்குத் தோணி ஏறிக் கொழும்புக்குப் போய்வருவார். திரும்பும்போது ஒரு சோப்புக்கட்டி, கொஞ்சம் கிராம்பு, அதற்குமேல் கை நீளாது. உலக யுத்தம் முடிந்த மறுவருஷம் வந்தவர், துணியில் சுற்றிய புத்தகத்தை எடுத்து எங்கள் மகளிடம் நீட்டினார்.

“உறங்கமாட்டேன்னு அம்மையப் படுத்துதியாமே. இதப் பாத்துட்டு ஒழுங்கா உறங்கணும், என்னா?”

கொழும்புத் துறைமுகத்தில் தோணிகளுக்குப் பெயர் எழுதும் பெயிண்டர் ஒருவர் வரைந்து தைத்ததாம். எங்கள் பக்கத்துப் பெரியதாழைக்காரர், கொழும்பிலேயே தங்கிவிட்டவர். வெள்ளைக்காரப் பிள்ளைகள் பரம்பரையாகப் படுக்கையில் பார்க்கிற புத்தகம் ஒன்றை ஏதோ ஒரு துரை வீட்டில் அவர் பார்த்திருக்கிறார். அதில் ஓர் ஆட்டுக்குட்டி ஊரெல்லாம் சுற்றி ஒவ்வொன்றையும் உறங்கவைத்துவிட்டுக் கடைசியில் தானும் உறங்குமாம். இவர் ஆட்டுக்குட்டியை நண்டுக்குஞ்சாக்கி, அந்த ஊரை எங்கள் ஊராக்கிவிட்டார். ‘உப்பு அம்பாரமே, உறங்கு. மாதாகோவில் மணியே, உறங்கு. பாய் சுருட்டிய தோணியே, உறங்கு.’ நான் கான்வெண்டில் மூன்றாம் வகுப்புவரை போனவள். எழுத்துக் கூட்டி வாசித்தேன். சும்மா சொல்லக்கூடாது, மகள் அந்த நண்டுக்குஞ்சுக்குக் கட்டுப்பட்டாள்.

எல்லாம் சரிதான். கடைசிக்கு முந்தின பக்கம்தான் என் வயிற்றில் நெருப்பை வைத்தது.

அந்தப் பக்கத்தில் கடலுக்கடியில் ஒருவன் சங்கு பொறுக்குகிறான். மேலே படகில் ஒருவன் அவனுடைய இடுப்புக் கயிற்றைப் பிடித்திருக்கிறான். நண்டுக்குஞ்சு அவனைப் பார்த்துச் சொல்கிறது: ‘கயிறு பிடிக்கிறவரே, நீர் மட்டும் உறங்காதேயும்.’ முங்கியிருப்பது என் வீட்டுக்காரர்தான். அந்தக் கோணல் தோளை எங்கே கண்டாலும் எனக்குத் தெரியும். ஆனால் கயிறு பிடித்தவன் யார்?

எங்கள் கரையில் குளிக்கிறவனின் கயிற்றைக் கண்டவன் கையில் கொடுக்கமாட்டார்கள். பெண்டாட்டியின் உடன்பிறந்தான்தான் பிடிப்பான். அடியிலிருந்து கயிறு அசைந்ததும் இழுக்கவேண்டும். ஒரு மூச்சு பிந்தினாலும் போச்சு. தன் தங்கச்சி தாலியறுக்க எவனும் பார்த்துக்கொண்டிருக்கமாட்டான், அதுதான் கணக்கு. என் வீட்டுக்காரருக்குக் கயிறு பிடிப்பது என் அண்ணன். அண்ணன் பனைமரம் மாதிரி உயரம், மொட்டைத்தலை, முகத்தில் மயிரே கிடையாது. படத்தில் இருந்தவனோ கட்டைக்குட்டை. தலை நிறைய முடி, முறுக்கு மீசை. நாக்கு நுனியைக் கடைவாயில் துருத்திக்கொண்டு கயிற்றை இழுக்கிறான்.

மச்சான்தான் கயிறு பிடிப்பான் என்றால், இந்த மீசைக்காரன் எவளுடைய அண்ணன்? கொழும்பில் எனக்குத் தெரியாமல் இன்னொருத்தி இருக்கிறாளா?

“இது யாரு?” என்று கேட்டேன்.

“தெரியலியா?” என்றார். ஒரு சிரிப்பு வேறு. பாவி மனுஷனின் அந்தச் சிரிப்புதான் என்னைக் கொன்றது. அதன்பிறகு அவர் சட்டையை முகர்ந்து பார்க்காத நாளில்லை. உறக்கத்தில் பேர் எதையாவது உளறுகிறாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். குறட்டைதான் வந்தது. அதையும் நம்பவில்லை.

ஒருநாள் தெருக்கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். அவரோடு தோணியில் போய்வந்த ஒருவர் அந்த வழியாக வந்தார். குட்டு இங்கேயாவது உடையட்டும் என்று, இறைப்பதை நிறுத்தாமலே கேட்டேன்.

“அண்ணாச்சி, கயிறு இழுக்கையில நாக்கத் துருத்துத ஆளு யாரும் கொழும்புல உண்டுமா?”

அவர் என் முகத்தைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். மறுபடி முகத்தைப் பார்த்துவிட்டுத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

“கொழும்புல இல்லம்மா” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

கொழும்பில் இல்லையாம்! அப்படியானால் யாழ்ப்பாணத்திலா? எல்லாரும் கூட்டுக்களவாணிகள் என்று முடிவு கட்டினேன்.

அண்ணனிடம் மட்டும் மூச்சு விடவில்லை. அண்ணனுக்கு என்மேல் உயிர். தங்கச்சியை ஒருத்தன் ஏமாற்றுகிறான் என்று தெரிந்தால், அந்தக் கையால் அவன் கயிற்றை எப்படிப் பிடிப்பார்? குளிப்பு தொடங்க இருந்தது. எனக்கு இந்த மனுஷன்மேல் கோபம்தான். அதற்காக அவர் கடலுக்கடியில் கிடக்கவேண்டுமா? புத்தகத்தை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்தேன்.

குளிப்புக்கு முந்தின நாள் சாயங்காலம் அண்ணன் வந்தார். என் மகள் பானைக்குள் கைவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் அவர் மடியில் ஏறிவிட்டாள்.

“மாமா, இங்கன பாருங்க. அப்பாக்குக் கயிறு பிடிக்கது நீங்க இல்ல!”

அண்ணன் அந்தப் பக்கத்தை உற்றுப் பார்த்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார். உதட்டை இறுக்கிக்கொண்டார்.

“இது எங்கிட்ட இருக்கட்டும்” என்று புத்தகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

விடிந்ததும் இரண்டு பேரும் கடலுக்குப் போனார்கள். அண்ணன் தோளில் கயிற்றுச்சுருள். என் வீட்டுக்காரரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தடுக்க வாயெடுத்தேன், எதைச் சொல்லித் தடுப்பது? மாதாவே, அவருக்கு எத்தனை பெண்டாட்டி வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும், உயிரோடு கொண்டுவந்து சேர் என்று வேண்டிக்கொண்டு அடுப்புக்கூட மூட்டாமல் கரையிலேயே கிடந்தேன்.

மத்தியானத்துக்குமேல் படகு வந்தது. கண்ணை இடுக்கித் தேடினேன். மொட்டைத்தலை தெரிந்தது. கோணல் தோளைக் காணோம். படகு கரையைத் தொட்டபோதுதான், சங்குக் குவியலுக்குப் பின்னால் சாய்ந்து கிடந்தவர் தலையைத் தூக்கினார்.

அண்ணன் படகுக் கயிற்றின் நுனியை என்மேல் வீசினார்.

“ஏளா, மரம் மாதிரி நிக்க! இழு!”

இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். படகில் இருந்த அத்தனை பேரும் கொல்லென்று சிரித்தார்கள். அண்ணன் குதித்து வந்து புத்தகத்தைப் பிரித்து என் கன்னத்துக்குப் பக்கத்தில் பிடித்தார்.

“பாருங்கலே, மீச ஒண்ணுதான் கொறச்சல்! நேத்தே சிரிப்ப அடக்க முடியாம ஓடிட்டேன்.”

கடைவாயில் காற்று பட்டது. என் நாக்கு வெளியே இருந்தது.

என் வீட்டுக்காரர் தலையைத் துவட்டிக்கொண்டே இறங்கினார். “கயித்த ஒங்கண்ணன் பிடிச்சாலும் நான் ஒன்ன நம்பித்தான முங்குதேன். நீ தண்ணி எறைக்க மாதிரியே வரையச் சொன்னேன். பொம்பளைய எப்படிப் படகுல ஏத்தன்னு அந்தப் பெயிண்டர்தான் மீசைய வச்சுட்டான்.”

“கேட்டப்பவே சொல்லித் தொலைச்சா என்ன?”

“ஒம் மொகம் ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

அவர்கள் எல்லாருக்கும் முன்னால் ஓவென்று அழுதேன். வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அன்றைக்கு மகள் மறுபடியும் புத்தகத்தோடு வந்தாள். உப்பு அம்பாரம் உறங்கியது, மணி உறங்கியது, தோணி உறங்கியது. மீசைக்காரன் பக்கம் வந்தபோது அவளும் உறங்கியிருந்தாள். பக்கத்தில் அவரும், முங்கி எழுந்த அலுப்பில், வாயைத் திறந்துகொண்டு உறங்கிப்போயிருந்தார். நான் விளக்கை அணைக்கவில்லை. அந்தக் கோணல் தோளைப் பார்த்தபடி விழித்தே இருந்தேன்.