கோடு இல்லாத நெற்றி

என் மனைவிக்கு என் மேல் ஒருநாளும் கோபம் வந்ததில்லை. டெக்சாஸில் இந்த ஆலன் ஊரில் மார்தட்டி அப்படிச் சொல்லக்கூடிய ஒரே புருஷன் நான்தான்.

பொய். கல்யாண மேடையிலேயே வந்துவிட்டது. மாலையைப் போடுகிறேன் என்று அவள் சடையில் வைத்திருந்த பூவையும் சேர்த்து இழுத்துவிட்டேன். புருவ மத்தியில் இரண்டு கோடு விழுந்தது, அவ்வளவுதான். எனக்கு வேட்டி நழுவியதுபோல ஆகிவிட்டது.

அவள் என் மாமன் மகள். என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள். அவள் இன்ஜினியர், நான் எட்டாம் வகுப்பு ஃபெயில். அவள் விசாவில் மிக்ஸி, இட்லிப் பாத்திரம், நான் என்று மூன்று சாமான் அமெரிக்கா வந்து இறங்கின. மிக்ஸி முதல் மாதமே புகைந்துபோனது. நான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறேன், ஒரு கேட்டரிங் கிச்சனில் மாவு ஆட்டியபடி.

இங்கிலீஷ் போர்டைப் பார்த்தால் எனக்குக் கண் கட்டும். அவள் நெற்றி மட்டும் நன்றாகப் படிக்க வரும். நேராக இரண்டு கோடு என்றால் கோபம், நான்தான் காரணம். ஒரே கோடு என்றால் ஆபீஸ் தலைவலி, எனக்குச் சம்பந்தமில்லை. குறுக்கே வரிவரியாக விழுந்தால் ஊரில் யாருக்கோ உடம்பு சரியில்லை. இடது புருவம் மட்டும் லேசாக ஏறினால் சிரிப்பை அடக்குகிறாள், பிழைத்தேன். எங்கள் குடும்பம் இத்தனை வருடம் ஓடியதே இந்தப் படிப்பில்தான்.

போன வருடம் ஒருநாள் வீடியோ மீட்டிங்கை முடித்துவிட்டு லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள்.

"மாமா, நெத்தியில ஊசி போட்டுக்கப் போறேன்."

"ஜுரமாம்மா?"

"ஜுரத்துக்கு நெத்தியிலயா போடுவாங்க? இந்தக் கோடு போறதுக்கு. மீட்டிங்ல நான் சும்மா கேட்டுட்டு இருந்தாலே 'ஆர் யூ அப்செட்?'னு கேக்குறானுங்க. டீம்ல பேசவே பயப்படுறாங்களாம். மேனேஜர் ரிவ்யூல எழுதியே குடுத்துட்டான்."

அந்த மருந்து நெற்றிச் சதையைச் சில மாதம் தூங்க வைக்குமாம். சதை தூங்கிவிட்டால் நான் எதைப் பார்த்துப் பிழைப்பேன்? அதைச் சொன்னால் கேலியாகிவிடும் என்று, "நானும் வரேன், நல்ல இடமா பாக்கணும்ல" என்றேன். ஏதாவது குறை கண்டுபிடித்துக் கெடுத்துவிடுவது என்பது திட்டம்.

முதல் இடம் பக்கத்து ஊர் இர்விங்கில். ஒரு பக்கம் நெயில் பார்லர், மறுபக்கம் டாக்ஸ் ஆபீஸ். வாசலிலேயே ஆஃபர் தொங்கியது. ஊசி போடப்போவது யார் என்று என் மனைவி கேட்டாள். டாக்டர் என்றாள் அங்கிருந்த பெண். டாக்டர் எங்கே? சுவரில் மாட்டியிருந்த போட்டோவைக் காட்டினாள். மருந்து பாட்டிலை எங்கள் எதிரில் திறப்பீர்களா என்று கேட்டதற்கு, காலையிலேயே கலந்து ஃப்ரிட்ஜில் வைத்தாகிவிட்டது என்றாள். என் மனைவி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். நான் மனதுக்குள் தேங்காய் உடைத்தேன்.

இரண்டாவது இடம் ஃப்ரீவே ஓரத்தில், கண்ணாடிக் கட்டடம். உள்ளே எல்லாம் வெள்ளை. எங்கிருந்தோ தண்ணீர் சொட்டுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது, தண்ணீரைத்தான் காணோம். அங்கே டாக்டரே உட்கார்ந்திருந்தார். பாட்டிலை எதிரில்தான் திறப்போம் என்றார். கண் இமை தொங்கிப்போகலாம் என்பதையும் அவராகவே சொல்லி, தொங்கினால் கூப்பிட நம்பர் கொடுத்தார். எந்தப் பக்கம் போனாலும் குறை கிடைக்கவில்லை. அவர்கள் உள்ளே பேசட்டும் என்று நான் வெளியே வந்து உட்கார்ந்தேன்.

அப்போதுதான் கவனித்தேன். அங்கே வேலை செய்த பெண்கள் மூவர். ஒருத்தி வெள்ளை, ஒருத்தி கறுப்பு, ஒருத்தி நம்மூர் நிறம். மூவருக்கும் ஒரே நெற்றி. பீங்கான் தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்ததுபோல. வாய் சிரித்தது. வாய்க்கு மேலே வீட்டில் யாரும் இல்லை.

கவுன்டரில் இருந்தவளுக்குப் போன் வந்தது. சொந்த போன். "ஓகே" என்றாள். கொஞ்சம் கழித்து மறுபடியும் "ஓகே." அப்புறம் அவள் இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் இறங்கியது. முகத்தில் ஒன்றுமே நடக்கவில்லை. புருவம் சுருங்கவில்லை, நெற்றி நெளியவில்லை. ஈரச் சுவரில் நீர் கசிகிற மாதிரி அது பாட்டுக்கு வழிந்து, தாடையில் நின்று, மேஜையில் விழுந்தது. போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். அதே முகத்தோடு, குடிக்க ஏதாவது வேண்டுமா என்று கேட்டாள். நான் நோ நோ என்று கும்பிட்டே விட்டேன்.

காரில் ஏறியதும் சொன்னேன். "ம்மா, இந்த இடம் வேணாம். அந்தப் பொண்ணு அழுவுது, மூஞ்சி அழுவல."

என் மனைவி யோசித்தாள். "ஐயோ பாவம், என்ன கஷ்டமோ" என்றாள். சீட் பெல்ட்டைப் போட்டாள். "ஆனா மருந்து நல்லா வேலை செய்யுது பாருங்க."

அங்கேயே போட்டுக்கொண்டாள்.

கோடுகள் உடனே போகவில்லை. தினமும் காலையில் காபி கொடுக்கும்போது திருட்டுத்தனமாகப் பார்ப்பேன். குறுக்குக் கோடுகள் முதலில் மங்கின. ஒற்றைக் கோடு ஒருநாள் பாதியில் நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீட்டில் ஏசி உறுமலைத் தவிரச் சத்தமில்லை, அவள் ஹால் கண்ணாடி முன்னால் ரொம்ப நேரமாக அசையாமல் நின்றாள். நான் நிற்பது தெரிந்ததும் மெதுவாகத் திரும்பினாள்.

"மாமா, இப்ப நான் கோவமா இருக்கேன். தெரியுதா?"

"இல்லம்மா."

"இப்ப?"

அதே முகம். "இல்ல."

"இப்ப பயந்து போயிருக்கேன்."

அதே முகம். "விளையாடாதம்மா."

"இதுல ஒண்ணு நெஜம். எதுன்னு சொல்லுங்க."

சமையலறையில் குக்கர் இருக்கிறது என்று ஓடினேன். அடுப்பே பற்றவைக்கவில்லை. பின்னாலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரித்தது அவள்தானா என்று திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

மருந்து தீரும்போதெல்லாம் போய்ப் போட்டுக்கொண்டு வருகிறாள். ஆபீஸில் எல்லோருக்கும் அவளை இப்போது பிடித்திருக்கிறதாம். "எல்லாரும் என் மூஞ்சியப் படிச்சிட்டே இருந்தாங்க மாமா. இப்ப யாராலயும் முடியல. எவ்ளோ நிம்மதியா இருக்கு தெரியுமா?" என்றாள். அந்த யாராலயும் என்பதில் என்னைச் சேர்த்தாளா, தெரியவில்லை. நெற்றியைப் பார்த்தேன். காலி.

இன்று காலை மளிகைக் கடை பார்க்கிங்கில் அவள் புதுக் காரைக் கம்பத்தில் இடித்துவிட்டேன். பின் கதவு நசுங்கிவிட்டது. முன்பானால் நெற்றியைப் பார்த்து, ஓடுவதா காபி போடுவதா என்று அந்த நொடியே முடிவெடுத்திருப்பேன். வீட்டுக்கு வந்து சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள். நானும் பார்த்தேன். கண் சிமிட்டினாள். "சரி" என்றாள். கார் சாவியை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டு உள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கோபமா, அழுகையா, சிரிப்பா? கதவில் காதை வைத்தேன். உள்ளே

"மாமா."

கதவு திறந்திருக்கிறது, நான் இதை எழுதிக்கொண்டிருக்கும் மேஜையிலிருந்தே தெரிகிறது.

"மாமா, எழுதுனது போதும். கொஞ்சம் இங்க வாங்க."

குரல் சாதாரணமாகத்தான் இருக்கிறது. வரேம்மா.