வாயில் கொண்டை ஊசி

அத்தான் அக்காவுக்குத் தலை வாரிக்கொண்டிருக்கிறார். அவள் நிலைக்கண்ணாடிக்கு முன்னால் நாற்காலியில். அவர் பின்னால் நின்றபடி, உதடுகளுக்கு நடுவே கொண்டை ஊசிகளைக் கவ்வியபடி. அக்காவுக்கு வலது கை விழுந்துபோனதிலிருந்து இது அவர் வேலை. சமையலை மகள் பார்த்துக்கொள்கிறாள், துணியை மெஷின் பார்த்துக்கொள்கிறது. அக்காவின் தலையை மட்டும் வேறு யாரையும் அவர் தொடவிடுவதில்லை.

அத்தான் நாடகக் குழுவொன்றின் ஒப்பனை அறையில் வேலை பார்த்தவர். பவுடரும் பசையும் மணக்கும் அந்த அறையில் தலையில் ஏறுவதெல்லாம் 'கொண்டை'தான். ராணியின் சவரிமுடி, சிப்பாயின் தொப்பி, ராஜாவின் கிரீடம் எல்லாமே. "ராஜா கொண்டையை எவன்டா நசுக்கினது?" என்று இவர் கத்தினால் ராஜாவே பதறி எழுந்து, தான் உட்கார்ந்திருந்த இடத்தைத் தடவிப் பார்ப்பாராம். வேலையை விட்ட பிறகும் அந்தச் சொல் அவரை விடவில்லை. அக்கா படுத்திருந்த ஆஸ்பத்திரியில் நர்ஸிடம், "கொண்டை கோணலா இருக்கும்மா" என்றார். கிராப்பு வைத்திருந்த அந்தப் பெண் பிடரியைத் தடவிப் பார்த்துவிட்டு முறைத்தாள். பாவம், அவர் சொன்னது அவள் தொப்பியை.

அக்காவை முதலில் பார்த்ததும் அந்த அறையில்தான். அவளுக்குத் தோழி வேஷம். இவர் முடியை முறுக்கிக்கொண்டிருந்தபோது, "நான் நல்லா நடிப்பேனா?" என்று கேட்டிருக்கிறாள். வாயில் ஊசி, பதில் இல்லை.

"இன்னிக்கு வரைக்கும் சொல்லலை. சரியான அழுத்தக்காரர்" என்பாள் அக்கா.

"ஊசி தொண்டைக்குள்ள போயிருந்தா நீயா வந்து எடுத்திருப்பே?" என்பார் அத்தான், அன்றைய ஊசிகள் எல்லாம் தீர்ந்த பிறகு.

இப்போது அவர் விரல்கள் நடுங்குகின்றன. இன்று ஓர் ஊசி மண்டையில் கீறிவிட்டது. அக்கா "ஸ்ஸ்..." என்றாள். அவர் கை அப்படியே நின்றது. பிறகு இன்னும் மெதுவாகச் சுற்றி, கடைசி ஊசியையும் செருகி, கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டினார். கொண்டை இடப்பக்கமாகச் சரிந்திருந்தது.

"அழகாத்தான் இருக்கு" என்றாள் அக்கா. கண்ணாடியில் அவரைப் பார்த்தபடியே, "உங்களுக்கும் முடியலை. பேசாம அந்தப் பார்லர் பொண்ணை வரச்சொல்லி ஒட்ட வெட்டிரலாமா?" என்று கேட்டாள்.

அத்தான் சீப்பில் சிக்கியிருந்த முடியை எடுத்து விரலில் சுற்றினார். ஊசி டப்பாவைத் திறந்தார். ஓர் ஊசியை எடுத்து உதடுகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே போனார்.