ஒன்றாம் தெருவுக்குப் பெயர் வந்த விதம்

இது நடந்தது. பட்டப்பகலில், என் வீட்டு முன்னறையில் நடந்தது. நம்பாதவர்களோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

நானும் என் கணவரும் சேர்ந்து செய்த கடைசிச் சாதாரணக் காரியம் நகம் வெட்டியது. ஞாயிற்றுக்கிழமை, மாலை மணி 4.05. அவர் நாற்காலியில், நான் எதிரே முக்காலியில். கோல்கீப்பராக இருந்தவரின் கைகள் அவை. ஆறு விரல்கள் உடைந்து கோணலாகக் கூடியிருந்தன. நகவெட்டியை அவரால் பிடிக்க முடியாது. வாரம் தவறாமல் நான்தான் வெட்டிவிடுவேன்.

"சதையோட சேத்து எடுத்துடாத."

"கைய ஆட்டாம இருங்க. அன்னிக்கு இப்படி ஆட்டியிருந்தா கப்பும் கிடையாது, இந்த வீடும் கிடையாது."

அந்த வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முப்பத்தொன்பது வருடங்களுக்கு முன் எங்கள் அணி ஒரே ஒரு முறை கோப்பை வென்றது. அந்தச் சந்தோஷத்தில் ஊரே சேர்ந்து பதினொரு பேருக்கும் வீடு கட்டிக் கொடுத்தது. தெருவுக்கு ஒரு வீடு. சட்டையில் இருந்த எண்தான் தெருவின் எண். பதினொன்றாம் தெருவிலிருந்து வரிசையாக நடந்து வந்தால் கடைசியாக எங்கள் ஒன்றாம் தெரு. அதைத் தாண்டினால் மைதானம்.

ஆட்டக்காரர் இறந்த பிறகுதான் தெருவுக்கு அவர் பெயரை வைப்பார்கள். மின்னல் தெரு, சம்மட்டி தெரு, தூண் தெரு... எல்லாம் ஊர் வைத்த பட்டப்பெயர்கள். என் கணவரை 'சுவர்' என்பார்கள். இரண்டு வாரங்களுக்கு முன் இரண்டாம் எண்காரர் 'கதவு' போய்ச் சேர்ந்தார். அந்த ஞாயிறு காலையில்தான் கதவு தெருவுக்குப் பலகை மாட்டினார்கள். பத்துத் தெருவுக்குப் பெயர் வந்துவிட்டது. பாக்கி எங்கள் தெரு.

பலகை மாட்டுவதைப் பார்க்க வந்த மருந்துக்கடைக்காரர் என் கணவரின் தோளில் தட்டினார்.

"அண்ணே, ஒன்னாம் தெருன்னா ஊர்ல நாலு இருக்கு. எங்க பார்சலெல்லாம் வழி தெரியாம சுத்துது. கொஞ்சம் மனசு வைங்க."

கூட்டமே சிரித்தது. இவரும் சிரித்தார்.

"அவசரப்படாதய்யா. கோல்கீப்பர் கடைசியாத்தான் கிளம்புவான்."

அது உண்மைதான். ஆட்ட நாளில் அவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. பதினொன்றாம் எண்காரர் கிளம்பிப் பத்தாம் எண் வீட்டுக் கதவை மூன்று முறை தட்டுவார். பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். வீட்டுக்குள்ளிருந்து யாராவது "இதோ வர்றாரு" என்று சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் அவர் வாசலைத் தாண்டுவார். சொல்லாமல் தாண்டினால் தோற்றுவிடுவோம் என்று நம்பினார்கள். பிறகு இருவரும் ஒன்பதாம் வீடு, மூவரும் எட்டாம் வீடு... கடைசியில் பத்துப் பேரும் எங்கள் வாசலில் நிற்பார்கள். ஒன்பது வருடம், ஞாயிறுதோறும், நான்தான் பதில் சொன்னேன்.

மணி 4.12. தொலைபேசி அடித்தது. ஒன்பதாம் எண் சம்மட்டியின் மனைவி.

"அக்கா, ரெண்டு நிமிஷம் முன்னாடி எங்க கதவ யாரோ தட்டினாங்க. மூணு தட்டு. திறந்தா ஆளக் காணோம்."

"பசங்க விளையாடியிருப்பாங்க."

"பசங்க ஆணி வெச்ச பூட்ஸ் போட்டுக்கிட்டா விளையாடுவாங்க? சத்தம் கேட்டுச்சுக்கா."

இவரிடம் சொன்னேன். கேலி செய்வார் என்று நினைத்தேன். செய்யவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலு பத்துக்குச் சம்மட்டி வீடு. நாலு நிமிஷத்துக்கு ஒரு வீடு. அப்பவும் அதே கணக்குதான்."

எட்டு விரல்கள் முடிந்திருந்தன. ஒன்பதாவதைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது.

மணி 4.26. மறுபடியும் தொலைபேசி. ஐந்தாம் எண் தூணின் மருமகள். இவர் எழுந்து கம்பியைப் பிடுங்கிவிட்டார்.

மணி 4.34. எங்கோ ஒரு நாய் குரைத்தது. பாதியில் நிறுத்திக்கொண்டது.

மணி 4.38. அடுத்த தெருவில், காலையில் பெயர் வந்த கதவு தெருவில், மூன்று தட்டு. அது எங்களுக்கே கேட்டது.

பிறகு நடை. சிமென்ட் தரையில் பூட்ஸ் ஆணிகள். டக்... டக்... டக்...

இவர் கண்ணை மூடி எண்ணினார்.

"பத்துப் பேர்."

என் மணிக்கட்டைப் பிடித்தார். "தட்டினா பேசாத. என்ன ஆனாலும் வாயத் திறக்காத. புரியுதா?"

தலையாட்டினேன்.

மணி 4.42. வர வேண்டிய நேரம். வரவில்லை.

4.45... இல்லை.

4.48... இல்லை. இவர் பிடி தளர்ந்தது. "போயிட்டானுங்க போல," என்றார்.

மணி 4.50.

தட்... தட்... தட்.

மூச்சு விடவில்லை. கதவுக்குக் கீழே வெளிச்சம் இருந்தது. நிழல் எதுவும் இல்லை.

மறுபடி மூன்று தட்டு.

நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

ஆணிகள் திரும்பின. டக்... டக்... படி இறங்கும் சத்தம். தூரமாகப் போனது. அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன்.

அப்போது மூன்றாம் முறை தட்டினார்கள்.

மெதுவாக. அவசரமே இல்லாமல். வேண்டிய ஒருவர் தட்டுவது போல.

"இதோ வர்றாரு."

யார் சொன்னது என்று திரும்பிப் பார்த்தேன்.

நான்தான்.

இவர் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. அதுதான் இன்னும் தாங்கவில்லை.

"சேம் சைடு கோல் போட்டுட்டியேடி..."

எழுந்தார். ஊன்றுகோல் சுவரிலேயே சாய்ந்திருந்தது. எட்டு வருடமாக மடங்காத முட்டி மடங்கியது.

"வேண்டாங்க... நான் சும்மா சொன்னேன்... அவர் வரலைங்க! வரலை!"

கதவைத் திறந்தார்.

தெருவில் வெயில். யாருமில்லை.

வாசலைத் தாண்டினார்.

விழுந்தார்.

மணி 4.52.

ஆணிகள் மைதானத்தின் பக்கம் போயின. அவர் தலை என் மடியில் இருந்தது. நான் எண்ணினேன்.

பதினொரு பேர்.

மாரடைப்பு என்று மருத்துவர் எழுதினார். வயது அப்படி, சர்க்கரை வேறு. நானும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நான்காம் நாள் சுவர் தெரு என்று பலகை வந்தது. மருந்துக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பலகை நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார்.

மூன்று மாதம் கழித்து, அரசு மருத்துவமனை மாத்திரை வரிசையில் எனக்கு முன்னால் ஒருத்தி நின்றாள். கதவு தெருவின் மறுகோடியில் வாடகைக்கு இருப்பவள். அவள் கணவர் அந்த அணியின் மாற்று கோல்கீப்பர். ஒரு ஆட்டம்கூட ஆடாதவர். அதனால் அவருக்கு வீடும் இல்லை, தெருவும் இல்லை. என் கணவர் இறந்த துக்கத்துக்கு அவர்கள் இருவரும் வரவே இல்லை.

என்னைப் பார்த்ததும் நகரப் பார்த்தாள். கையைப் பிடித்தேன். அவளாகவே சொல்லிவிட்டாள்.

"அன்னிக்கு உங்க வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி எங்க வீட்டத்தான் தட்டினாங்கக்கா. நாலே முக்கால் வரைக்கும் தட்டினாங்க. அவரு ஊர்லயே இல்லைன்னு உள்ள இருந்து கத்தினேன். போயிட்டாங்க."

"போயிட்டாங்களா?"

"அவ்வளவுதான். இல்லைன்னா போயிடுவாங்க."

பிடித்த கையை நான் விடவில்லை.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. அஞ்சு நிமிஷம் இருந்துச்சே."

அவள் கையிலிருந்த சீட்டை நான்காக மடித்தாள்.

"சொல்லியிருந்தா நீங்களும் இல்லைன்னு சொல்லியிருப்பீங்க. அவங்களுக்கு ஒரு கோல்கீப்பர் வேணும். திரும்பி எங்க வீட்டுக்குத்தானேக்கா வருவாங்க?"

அவள் முறை வந்தது. மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

மாற்று ஆளையும் கேட்டு வருவார்களோ என்ற பயத்தில், இப்போதும் ஞாயிறுதோறும் நாலு மணிக்கு அவள் தன் வீட்டு முன்கதவை வெளிப்புறம் பூட்டிவிட்டு, பின்பக்கமாகச் சுற்றி உள்ளே போகிறாள். போன ஞாயிறு நான் அந்த வழியாக நடந்தேன். பூட்டு தொங்கியது. உள்ளே அவர் இருமிக்கொண்டிருந்தார்.