கொப்பி முழுக்கப் பூச்சியம்

நாடு நன்றாக வளர்ந்திருக்கிறது என்று ரேடியோ சொன்ன காலையில்தான் எங்கள் தோட்டத்து லய வீடுகளுக்குப் பொதுவான பீலிக் குழாயில் முதன்முதலாகச் சேற்றுத் தண்ணீர் வந்தது. வாயில் பற்பசையோடு நின்றிருந்த எனக்கு, இரண்டும் ஒரே செய்தி என்று பட்டது.

லயத்துக்கு மேலே, தோட்ட எல்லைக்கு அந்தப் பக்கம், கஹவத்தை டவுன் முதலாளி ஒருவர் மாணிக்கக் குழி வெட்டியிருந்தார். எங்கள் லயத்துப் பையன்கள் சிலர் அங்கே மண் இழுத்தார்கள். அதன் பலனாக பேட்டரியில் ஓடும் டீவி மூன்று, தையல் மெஷின் ஒன்று வந்து சேர்ந்தன. கணக்குப்படி நாங்களும் வளர்ந்துவிட்டோம். பீலிக்கு வரும் ஊற்று அந்த மேட்டில்தான் கசிகிறது, குழி வந்ததிலிருந்து அது நூலாக மெலிந்து பீலியில் வரிசை நீள்கிறது என்பதற்கெல்லாம் கணக்கில் இடமில்லை. போதாதென்று, இரண்டாவது குழிக்கு ஊற்றுக்குப் பக்கத்திலேயே, தோட்டத்துக்குள் இடம் கேட்டு அந்த முதலாளி, தோட்ட மேனேஜரான துரைக்குக் கடிதம் கொடுத்திருந்தார். துரை சரி என்றால் பீலி போச்சு.

உயர்தரப் பரீட்சையில் பொருளியல் எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகச் சும்மா இருந்த காலம். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. வருமானத்தை அளந்தால்தானே குழி ஜெயிக்கும்? நான் வேறொன்றை அளப்பேன்: ஒரு குடம் தண்ணீருக்கு ஒரு பெண் எத்தனை நிமிடம் நிற்கிறாள். கொப்பியில் கோடு போட்டேன். சிவப்புப் பேனையும் வாங்கினேன்; அது எதற்கென்று இன்றுவரை தெரியவில்லை.

"பீலியில எவ்வளவு நேரம் நிக்கிறீங்கக்கா?"

"எதுக்கு நிக்கணும்? போனேன், புடிச்சேன், வந்தேன்."

அடுத்த வாசலில், "அங்க நின்னு கத பேச நமக்கு ஏது தம்பி நேரம்?" என்றார் இன்னொரு அக்கா. முந்தின நாள்தான் வரிசையில் இடம் பிடிக்கக் குடத்தாலேயே ஒருத்தியை இடித்தவர்.

கடைசி வாசலுக்கு வரும்போது கொப்பி முழுக்கப் பூச்சியம். இவ்வளவு நலமாக உலகத்தில் எந்த நாடும் வாழ்ந்திருக்காது.

நான் கொப்பியோடு அலைவது துரை காதுக்குப் போய், ஆபீசுக்குக் கூப்பிட்டார். பக்கம் பக்கமாகப் பார்த்தார். "நல்ல வேல செஞ்சிருக்க. தண்ணிக்கு ஒரு கஷ்டமும் இல்லதானே? திங்கக்கிழம முதலாளிக்கு பதில் எழுதிருவோம்." குழிக்கு நானே சிபாரிசு எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. கொப்பியை வாங்கிக்கொண்டு இறங்கி வந்தேன்.

வீட்டில் அண்ணி ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய்வந்த களைப்போடு காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"நீங்களாச்சும் உண்மையச் சொல்லியிருக்கலாமே அண்ணி?"

"என்னான்னு? விடிய அர மணிநேரம் பீலியில நின்னேன்னா? கொப்பி எங்க போகும்? ஆபீசுக்கு. பெரட்டுக்குப் பிந்தினா அரைப்பேர்தான் போடுவாங்கன்னு ஒங்களுக்குத் தெரியாதா? புள்ளைக்குக் காய்ச்சல், வயித்து வலின்னு ஆளுக்கொரு சாட்டு சொல்லி கங்காணியச் சமாளிச்சிக்கிட்டிருக்கோம். நீங்க வந்து எல்லாத்தையும் சொல்லுங்க, எழுதிக்கிறேன்னா?"

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டும், பிந்தினால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம் என்பதும் எனக்குத் தெரியாமலில்லை. அம்மாவும் அப்பாவும் அதில் நின்றுதான் என்னைப் படிக்க வைத்தார்கள். அது என் கொப்பிக்குள்ளும் நுழையும் என்றுதான் யோசிக்கவில்லை.

"அளக்கிறவரு ஒரு நாளாவது கொடம் தூக்கியிருக்கணும்," என்றார் அண்ணி. நான் பல் விளக்கிய தண்ணீரும் அவர் இடுப்பில் வந்ததுதான்.

அப்போதுதான் ஒன்று தோன்றியது. தோட்டத்து ஆட்களின் பேர்ப்பதிவான செக்ரோலில் என் பேர் இல்லை. இல்லாத பேரில் யாராலும் பாதி வெட்ட முடியாது. பீலியில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று பயமில்லாமல் எழுதக்கூடிய ஒரே ஆள் இந்த லயத்தில் வேலையில்லாத நான்தான். திங்களுக்கு முன் மூன்று விடியற்காலை இருந்தது. அண்ணனின் கைக்கடிகாரம், அண்ணியின் இரண்டு குடம், வருகிற தண்ணீரைத் துரை மேசையில் வைக்க ஒரு கண்ணாடிப் போத்தல். யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. என் நிமிடத்தை மட்டும் எழுதுவது.

அண்ணியிடம் சொன்னேன். சிரித்துக்கொண்டே குடங்களை என் பக்கம் தள்ளினார்.

"ஆம்பளன்னு முன்னால எல்லாம் விட மாட்டாளுக, சொல்லிட்டேன்."

விடாமலிருக்க வேண்டும் என்பதுதான் என் கவலையும். பாவம் பார்த்து முன்னால் விட்டுவிட்டால், கணக்கு மறுபடியும் பூச்சியத்தில் வந்து நிற்கும்.